ஏழாம் இலக்கம் பச்சையாக இருக்கிறது

ஆவணி மாதத்து ஒரு புதன்கிழமை காலை, கதிரவெளி மீனவர் சங்கக் கட்டடத்தில் சிவதர்சன் பிளேன்டி குடித்துக்கொண்டிருந்தபோது, அவன் கடலில் சுகமாக இருப்பதாகச் செய்தி வந்தது.

செய்தியைக் கேட்டவள் பாலசுந்தரி. சங்கத்தின் கரைச் செட் அவள் பொறுப்பில் இருந்தது. கரையிலிருந்து ஏழெட்டுக் கட்டை தூரம், அதாவது ஏழெட்டு மைல், தள்ளிப் போனால் கைத்தொலைபேசி செத்துவிடும். அதற்கப்பால் வயர்லெஸ் செட்தான். பன்னிரண்டு போட்டுகளுக்குப் பன்னிரண்டு கைச் செட்டுகள், கரையில் ஒரு பெரிய செட்.

செட் இருந்தாலும் கடலில் பேசிக்கொண்டிருக்க யாருக்கும் பொழுதில்லை. கை ஈரம், எஞ்சின் இரைச்சல், நாலு வார்த்தை பேசினால் பற்றரி இறங்கிவிடும். அதனால் அவர்களாகவே ஒரு முறை வைத்துக்கொண்டார்கள். மணிக்கு ஒருதரம், ஒன்றாம் இலக்கத்திலிருந்து பன்னிரண்டுவரை வரிசையாக, பேசுகிற பொத்தானை இரண்டு தரம் தட்டுவார்கள். டக்-டக். இருக்கிறேன் என்று அர்த்தம். ஆபத்தென்றால் பொத்தானை அமுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும், விடக் கூடாது. செட் சும்மா கிடக்கும்போது தகரத்தில் மழை விழுவதுபோல இரைந்துகொண்டிருக்கும். எங்கோ ஒருவன் பொத்தானை அமுக்கினால் அந்த இரைச்சல் நின்றுபோகும். ஆகவே செட் போடுகிற எந்தச் சத்தத்துக்கும் பாலசுந்தரி பயந்ததில்லை. செட் ஊமையாவதற்குத்தான் பயம். ஆறு வருடத்தில் இரண்டு தரம் ஊமையானது. யார் தட்டவில்லை என்று எண்ணிப் பார்த்து, ஆளைக் கண்டுபிடித்து, மற்றப் போட்டுகள் போய்க் கொண்டுவந்து சேர்த்தன.

தட்டுகளில் ஆளுக்கு ஒரு கை உண்டு. ஏழாம் இலக்கம் அவளுடைய புருசன் கதிர்காமத்தம்பியினது. அவருடைய முதல் தட்டுச் சுருக்காக விழும், இரண்டாவது கொஞ்சம் பிந்தி வரும். ஏதோ சொல்ல வந்து, சரி விடு என்று விட்டுவிட்ட ஆளைப் போல.

“தம்பி, நீ இப்ப எங்க இரிக்காய்?” என்று பாலசுந்தரி கேட்டாள்.

“என்னக்கா, கண் தெரியல்லையா? உங்களுக்கு முன்னுக்குத்தான்.” சிவதர்சன் ஏழாம் இலக்கப் போட்டின் இரண்டாவது ஆள்.

“ஏழாம் நம்பர் தட்டுது. கேள்.”

கேட்டான். டக்-டக். யன்னலால் எட்டிப் பார்த்தான். ஏழாம் இலக்கப் போட் மணலில் கவிழ்ந்து கிடந்தது. கதிர்காமத்தம்பி அதன் அடிவயிற்றில் குந்தியிருந்து வெடிப்பை அடைத்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டதும் கையைச் சாரனில் துடைத்தபடி வந்தார்.

“நான் இல்லாமலே நான் கடலில நிக்கிறனா?” என்றார். “அப்ப மீனும் தன்பாட்டில வரும் புள்ள. நான் போய்ப் படுக்கிறன்.”

சிவதர்சன் சிரித்தான். பாலசுந்தரி சிரிக்கவில்லை. இது ஏழின் தட்டு இல்லை என்று அவளுக்குத் தெரியும். இரண்டு தட்டும் ஒரே அளவாக விழுந்தன.

விசயம் அன்று மத்தியானமே விளங்கிவிட்டது. போன கிழமை ஒரு பெரிய கப்பல் வந்து கடலில் பன்னிரண்டு மஞ்சள் மிதவைகளை நங்கூரம் போட்டு நிறுத்திவிட்டுப் போயிருந்தது. ‘நீலக் கடல் நுண்ணறிவுத் திட்டம்.’ கடலின் சூட்டையும் அலையின் உயரத்தையும் அளந்து அனுப்புமாம். அன்று காலையிலிருந்து, ஐந்து விநாடிக்கு ஒன்றாக, ஒன்றிலிருந்து பன்னிரண்டுவரை வரிசையாக, மீனவர்களின் அதே அலைவரிசையில் அனுப்பின. அனுப்புகிறபோது டக்-டக் என்றன.

“சும்மா சத்தம் போட்டால் காரியமில்ல,” என்றாள் பாலசுந்தரி. “இதுகள் நம்மட மாதிரியே சொல்லுதுகள். ஆரும் செத்தாலும் சுகமா இரிக்கான் எண்டுதான் இதுகள் சொல்லும். வாடை தொடங்க முதல் இதுக்கு ஒரு முடிவு காணோணும்.”

கடல் கொந்தளிக்கும் வாடைக் காற்று தொடங்க இரண்டரை மாதம் இருந்தது. இரண்டரை மாதம் போதும் என்று அவள் நினைத்தாள். அந்த மட்டில் அவள் ஒரு அப்பாவி.

இதற்கென்றே புளியந்தீவில் ஒரு அலுவலகம் இருந்தது. பெயர், அலைவரிசைப் பகிர்வுக்கும் இடையூறு தணிப்புக்குமான பிராந்திய ஒத்திசைவு அலுவலகம். பெயர்ப்பலகை வாசலைவிட அகலமாக இருந்ததால், அதை வாசலுக்கு மேலே வைக்காமல் பக்கத்துச் சுவரில் வைத்திருந்தார்கள். முதல்தரம் வருகிறவர்கள் சுவரில் முட்டிவிட்டுத்தான் வாசலைக் கண்டுபிடிப்பார்கள். சனங்கள் அதை அலைக் கந்தோர் என்றார்கள்.

பணிப்பாளர் நல்லரத்தினம் பாலசுந்தரியையும் சிவதர்சனையும் இரண்டு மணித்தியாலம் இருத்தி வைத்து, மறுகா உள்ளே கூப்பிட்டார். மேசையில் இரண்டு தொலைபேசிகள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று மற்றதைக் குழப்பும் என்று, ஒன்றைக் கழற்றி வைத்திருந்தார்.

“இடையூறு எண்டு ஒண்டு கிடையாது அம்மா,” என்று தொடங்கினார். “முறைப்பாடு எண்டுதான் ஒண்டு இருக்கு. முறைப்பாடு வராத இடத்தில இடையூறு இருந்ததா இந்தக் கந்தோரின்ட வரலாற்றில ஒரு பதிவும் இல்லை.”

“இப்ப முறைப்பாடு வந்திரிக்கி சேர்,” என்றாள் பாலசுந்தரி.

“அதுதான் கவலை. எங்கட கொள்கை பகிர்வு. அலை எல்லாருக்கும் பொது. மிதவைக்கும் உரிமை இருக்கு, மீனவருக்கும் உரிமை இருக்கு. மிதவை பேசினா நீங்க கேட்டுக்கொண்டு இருக்கோணும்.”

“நாங்க பேசினா மிதவை கேக்குமா?”

“அதுக்குக் கேக்கிற வசதி பொருத்தல்ல.”

பக்கத்தில் நின்ற தொழினுட்ப உத்தியோகத்தர் திவாகரன் தொண்டையைச் செருமினான். கழுத்துப்பட்டி கட்டிய, பயந்த, நல்ல பொடியன். இடையூறு தணிக்கும் முறைகள் நாலு என்று விளங்கப்படுத்தினான். முதலாவது, தூரம். செட்டையும் மிதவையையும் நாற்பது கிலோமீற்றர் தள்ளி வைத்தால் ஒன்றையொன்று குழப்பாது.

“மிதவை எங்க நிக்குது?” என்று சிவதர்சன் கேட்டான்.

“கடலில.”

“நாங்க?”

“நீங்கள்தான் அண்ண தள்ளி நிக்கோணும். மிதவை நங்கூரம் போட்டிருக்கு.”

இரண்டாவது, பேச முதல் கேட்பது. அலைவரிசை முப்பது விநாடி வெறுமையாக இருந்தால் மட்டும் பொத்தானைத் தொடலாம்.

“அது அஞ்சு விநாடிக்கு ஒருக்காத் தட்டுதே தம்பி,” என்றாள் பாலசுந்தரி. “அப்ப நாங்க எப்ப தொடுறது?”

“தொட ஏலாது,” என்றார் நல்லரத்தினம் திருப்தியோடு. “அதுதான் ஒழுங்கு.”

மூன்றாவது, பலத்தைக் குறைப்பது. பலமான செட் பேசினால் மெலிந்த செட் கேட்காது என்பது விஞ்ஞானம் என்றான் திவாகரன். ஆகவே இரண்டில் ஒன்று குரலைத் தாழ்த்த வேண்டும். மிதவை வெளிநாட்டு உதவி, அதைத் தாழ்த்தச் சொன்னால் மரியாதைக் குறைவு. நாலாவது, நேரப் பங்கீடு. மீனவர்களுக்குச் செவ்வாயும் வியாழனும் பிற்பகல் இரண்டு பத்திலிருந்து இரண்டு பதினாலுவரை ஒதுக்கலாம்.

“அந்த நாலு நிமிசத்துக்குள்ளதான் எங்கட போட் தாழோணுமா சேர்?”

“நாங்க ஆபத்துக்கு எதிரில்லை அம்மா. திட்டமில்லாத ஆபத்துக்குத்தான் எதிர்.”

வேறு அலைவரிசையாவது தரச் சொல்லிச் சிவதர்சன் கெஞ்சினான். செட்டுகள் அலுவலகம் முத்திரை குத்தியவை. மாற்றுவதற்கு விண்ணப்பம் வேண்டும், விண்ணப்பத்துக்கு இடையூறு நிரூபிக்கப்பட வேண்டும், நிரூபிக்க அளவீட்டு வான் வண்டி வரவேண்டும், வானுக்கு வரிசை இருந்தது. வெளியே வரும்போது திவாகரன் படிவரை கூட வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னான்:

“அந்த அலைவரிசையை மிதவைக்குக் குடுத்ததும் இந்தக் கந்தோர்தான் அம்மா.”

“பிழையாக் குடுத்திட்டீங்களா மனே?”

“பிழை இல்லை. அனுமதி.”

அளவீட்டு வான் நாற்பத்தோராம் நாள் வந்தது. மேலே குடைபோல ஒரு அன்டெனா, உள்ளே குளிர்சாதனம், நாலு உத்தியோகத்தர். கடற்கரை மணலில் வானின் சில்லுப் புதையும் என்று, கடற்கரைக்கு வராமல் பிரதான வீதிச் சந்தியில், தேத்தண்ணிக் கடைக்கு முன்னால் நிறுத்தி அளந்தார்கள். பாலசுந்தரி அங்கே நடந்துபோய்க் கண்ணாடியில் தட்டினாள். உள்ளே இருந்தவர் கண்ணாடியை இறக்காமல், பேச வேண்டாம், அளவு குழம்பும் என்று சைகை காட்டினார்.

அறிக்கை பத்து நாளில் வந்தது. அதைச் சங்கத்தில் சிவதர்சன் உரத்து வாசித்தான். அந்த அலைவரிசையில் இரண்டு முறைமைகள் இயங்குகின்றன. முதலாவது முறைமை ஐந்து விநாடிக்கு ஒருதரம், சம அளவில், மிக ஒழுங்காகத் தட்டுகிறது. இரண்டாவது முறைமை மணிக்கு ஒருதரம், ஆளுக்கொரு விதமாக, தாறுமாறாகத் தட்டுகிறது. ஆகவே இரண்டாவதுதான் இடையூறு. குறிப்பாக ஏழாம் இலக்க நிலையத்தின் இரண்டாம் தட்டு, விநாடியில் பத்தில் நாலு பங்கு பிந்துகிறது. அதன் இயக்குநர் திரு. கதிர்காமத்தம்பி இக்குறைபாட்டை உடன் திருத்திக்கொள்ள வேண்டும்.

சங்கம் முழுக்கச் சிரித்தது. கதிர்காமத்தம்பி கடிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஐம்பத்திரண்டு வயசில தட்டப் பழகச் சொல்றானுகள்,” என்றார். மறுகா பெண்சாதி பக்கம் கிறுகினார். “உனக்கும் என்ட தட்டு பிழையா புள்ள?”

“நீங்க திருத்திப்போடாதீங்க,” என்றாள் பாலசுந்தரி. “இப்ப அந்தப் பிந்துறதைக் கொண்டுதான் உங்களை நான் பிடிக்கிறன்.”

அது உண்மை. கடலில் மிதவைகள் நாள் முழுக்கத் தட்டின. அவள் மணிக்கு மணி செட்டில் காதை ஒட்டிவைத்து, தவிட்டில் அரிசி பொறுக்குவதுபோலப் பன்னிரண்டு ஆட்களையும் பொறுக்கி எடுத்தாள். ஐந்து பேரைப் பிடிக்க முடிந்தது. சில நாளில் ஏழு பேர். கதிர்காமத்தம்பியை எப்போதும் பிடித்தாள்.

இடையூற்றை எப்படித் தணிப்பது என்று அலுவலகம் மேலும் இரண்டு கிழமை யோசித்தது. ஒரு தீர்வும் கண்டது. அந்தத் தீர்வை நல்லரத்தினம் தானே கதிரவெளிக்கு வந்து, சங்கக் கட்டடத்தில் பொன்னாடை வாங்கிக்கொண்டு அறிவித்தார்.

“ஒரு அலைவரிசையில ரெண்டு சத்தம் இருந்தா அது இடையூறு. ரெண்டையும் ஒரே சத்தமா ஏத்துக்கொண்டா? அது ஒத்திசைவு. உங்கட ரெண்டு தட்டை இண்டு முதல் ‘இரு தட்டு நெறிமுறை’ எண்டு இந்த அலுவலகம் அங்கீகரிக்குது. புளியந்தீவில ஒரு பலகை திறந்திருக்கிறம். பன்னிரண்டு போட், பன்னிரண்டு விளக்கு. தட்டுக் கேட்டா விளக்குப் பச்சை. நாங்க ஒன்பது நாளாப் பாக்கிறம், ஒரு விளக்கும் அணையல்ல. இந்த மாகாணத்தில இவ்வளவு பாதுகாப்பான கடல் வேற இல்லை.”

“சேர்,” என்று பாலசுந்தரி எழும்பினாள். “அது மிதவைட தட்டு. எங்கட போட் கரையில கிடந்தாலும் உங்கட விளக்குப் பச்சையா இரிக்கும். தாண்டு போனாலும் பச்சையா இரிக்கும்.”

நல்லரத்தினம் அவளை இரக்கத்தோடு பார்த்தார்.

“மிதவை பன்னிரண்டு. போட் பன்னிரண்டு. எண் பொருந்துதா இல்லையா?”

“எண் பொருந்துது.”

“பிறகென்ன?”

கைதட்டினார்கள். வந்திருந்த உத்தியோகத்தர்கள்தான் தட்டினார்கள். நெறிமுறையைச் சரியாகத் தட்டுவதற்கு நவம்பர் பதினாலாம் திகதி புளியந்தீவில் ஒரு பயிற்சிப் பட்டறை என்றும், போட்டுக்கு ஒருவர் கட்டாயம் வரவேண்டும் என்றும், வராத போட்டின் செட் பறிமுதல் என்றும் நல்லரத்தினம் சொல்லிவிட்டு, கொண்டுவந்த ஐஸ் பெட்டியில் பாரை மீன் ஏற்றிக்கொண்டு போனார்.

பதினாலாம் திகதி விடிய, பன்னிரண்டு போட்டுகளும் வழக்கமாகப் போகும் ஆளில் ஒருவர் குறைந்து கடலுக்குப் போயின. குறைந்த பன்னிரண்டு பேரும் ஒரு வான் பிடித்துப் புளியந்தீவுக்குப் போனார்கள், இரண்டு தரம் தட்டப் பழக. சிவதர்சனும் போனான். கதிர்காமத்தம்பி தனியாகப் போட்டைத் தள்ளினார்.

“மேகம் ஒரு மாதிரி இரிக்கி,” என்றாள் பாலசுந்தரி. “இண்டைக்கு விடுங்களன்.”

“பத்து மணிக்குள்ள வலையை எடுத்திட்டு வந்திருவன். நீ செட்டடியில போய் இரு.”

எட்டு மணிக்குத் தட்டினார். பிந்தித்தான் தட்டினார். ஒன்பதுக்கும் தட்டினார். ஒன்பதரைக்குக் காற்று வடக்கே திரும்பியது. பத்து மணிக்கு அவளால் ஒருவரையும் பிடிக்க முடியவில்லை. மிதவைகள் ஆடுகிற ஆட்டத்தில் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன.

பத்து இருபதுக்குச் செட் ஊமையானது.

முழு ஊமையில்லை. டக்-டக், டக்-டக் என்று மிதவைகள் தட்டிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இடையில் இருக்க வேண்டிய இரைச்சல் இல்லை. வெறும் குழி. எங்கோ ஒருவன் பொத்தானை அமுக்கிக்கொண்டிருந்தான். பாலசுந்தரி மணியைக் கொப்பியில் எழுதினாள். ஒரு எழுத்தை இரண்டு தரம் எழுதினாள்.

“கரை பேசுது! ஆரு அமுக்கிறது? மத்த ஆக்கள் தட்டுங்க! ஒண்டிலிருந்து தட்டுங்க!”

ஒன்று தட்டியது. இரண்டு தட்டியது. மூன்று, நாலு, பன்னிரண்டுவரை தட்டின. ஏழும் தட்டியது. எல்லோரும் சுகமாக இருந்தார்கள். அவள் மேசையில் அடித்தாள். திரும்பவும் கூப்பிட்டாள். திரும்பவும் எல்லோரும் சுகமாக இருந்தார்கள்.

பத்து முப்பத்தொன்றுக்கு இரைச்சல் திரும்பி வந்தது. அமுக்கியவன் விட்டுவிட்டான், அல்லது பற்றரி விட்டுவிட்டது.

அலைக் கந்தோருக்குத் தொலைபேசி எடுத்தாள். திவாகரன்தான் எடுத்தான். பின்னால் பட்டறையில் ஒலிபெருக்கி ‘ஒன்று, இரண்டு, இப்போது சேர்ந்து தட்டுவோம்’ என்றது.

“எல்லாம் பச்சை அம்மா,” என்றான். “நான் பலகைக்கு முன்னுக்குத்தான் நிக்கிறன்.”

“ஏழு?”

“ஏழும் பச்சை.”

ஒரு மணிக்குள் பதினொரு போட்டுகள் அடித்துப் பிடித்துக் கரைக்கு வந்தன. ஏழாம் இலக்கம் வரவில்லை. தேடுதல் படகு வாழைச்சேனையில் இருந்தது. அதைக் கேட்டதற்கு, செட் உள்ள போட்டுகள் அலைக் கந்தோரின் பொறுப்பு, அங்கிருந்து ஒரு கடிதம் வந்தால் உடனே வெளிக்கிடலாம் என்றார்கள். பாலசுந்தரி தொலைபேசியில் சொன்னதும், சிவதர்சன் பட்டறையில் வாங்கிய சான்றிதழைச் சுருட்டிப் பிடித்தபடியே பணிப்பாளரின் அறைக்குள் புகுந்தான். கைத்தொலைபேசியைப் பாலசுந்தரிக்குக் கேட்கிறமாதிரி மேசையில் வைத்தான்.

“கடிதம் ஒண்டு தாங்க சேர். ஒரு வரி போதும்.”

“என்னெண்டு எழுதுறது தம்பி? ஏழாம் இலக்கம் காணாமல் போயிட்டுது எண்டா? அங்க பார். பச்சையா இருக்கு. பச்சையா இருக்கிற ஆளைத் தேட ஒரு விதியும் இல்லை.”

“சேர், அது மிதவை!” பாலசுந்தரி தொலைபேசிக்குள் கத்தினாள். “நான்தானே அப்பவே சொன்னன்! அவர் இல்ல, அது மிதவை!”

“அம்மா, விளக்கு அணைஞ்ச உடனே கடிதம் என்ட கையால தருவன். அணையட்டும். இப்ப நான் எழுதினா, பலகை பிழை எண்டு நானே எழுதினமாதிரிப் போயிரும். அதைத் திறந்து எத்தின நாள்? நாடாவே இன்னும் அவிழ்க்கல்ல.”

பிறகு தொலைபேசி கீழே விழுகிற சத்தமும், கதிரை சரிகிற சத்தமும், சிவதர்சனை நாலு பேர் பிடிக்கிற சத்தமும் கேட்டன.

பதினொரு போட்டுகளும் அந்தக் கடலுக்குள் திரும்பிப் போயின. மூன்றாம் நாள், பனிச்சங்கேணிக்கு நேரே, ஏழாம் இலக்கம் கவிழ்ந்து மிதந்தது. ஆள் இல்லை. செட் பொலித்தீன் பைக்குள், இருக்கைப் பலகையோடு சேர்த்துக் கட்டியிருந்தது. பொத்தானை அமுக்கி, அதன்மேல் தங்கூசித் தூண்டில் நூலை வரிந்து வரிந்து சுற்றி முடிச்சுப் போட்டிருந்தார். நீந்துவதற்குக் கை வேண்டுமே.

முடிச்சைப் பாலசுந்தரி அவிழ்க்கவில்லை. அந்தச் செட்டையும் தன்னுடைய கொப்பியையும் கொண்டுபோய் அலைக் கந்தோரில் வைத்தாள். பத்து இருபது, பத்து முப்பத்தொன்று என்ற இரண்டு வரியையும் காட்டினாள். கொப்பியைப் பிரதி எடுத்து பைலில் சேர்த்தார்கள். செட் அரச முத்திரை உள்ள பொருள் என்பதால் தங்கூசியை வெட்டிப் பழையபடி திருப்பித் தந்தார்கள்.

தை பிறந்து ஒரு கிழமையில் கடிதம் வந்தது. முகவரி: திரு. கதிர்காமத்தம்பி, இயக்குநர், ஏழாம் இலக்க நிலையம், கதிரவெளி. சிவதர்சன் வாசித்தான்.

“தங்களது நிலையம் தொடர்ச்சியாக எழுபத்தைந்து நாட்கள் ஒரு தட்டும் தவறாது இயங்கியுள்ளது. மேலும், முன்னர் சுட்டிக்காட்டப்பட்ட இரண்டாம் தட்டின் தாமதம், நவம்பர் மாதம் பதினாலாம் திகதிக்குப் பின்னர் முற்றாக நீங்கியுள்ளமையை மகிழ்ச்சியுடன் அறியத்தருகிறோம். பிராந்தியத்தின் அதிசிறந்த நிலையத்துக்கான கேடயத்தைப் பெறத் தாங்கள் நேரில் சமூகமளிப்பது கட்டாயமாகும்.”

அவன் கடிதத்தைக் கசக்கப் போனான். பாலசுந்தரி வாங்கி மடித்து வைத்தாள்.

“நேரில வரச் சொல்லிரிக்காங்க,” என்றாள். “கொண்டு போவம்.”

“ஆரையக்கா?”

“ஏழாம் நம்பரை.”

விழா மண்டபம் நிறைந்திருந்தது. மேடைச் சுவரில் பலகை, பன்னிரண்டு பச்சை விளக்குகள். விழாவுக்கு மங்கலமாக இருக்கட்டும் என்று அலைவரிசையை ஒலிபெருக்கியில் இணைத்திருந்தார்கள். டக்-டக், டக்-டக் என்று மண்டபம் முழுக்கக் கேட்டது. பாலசுந்தரி முன்வரிசையில், மடியில் பன்புல்லில் பின்னிய ஒரு பையை வைத்துக்கொண்டு இருந்தாள். பைக்குள் கரைச் செட். பற்றரி கதிரைக்குக் கீழே இருந்தது. பை கனமாக இருக்கிறதே, பிடிக்கவா என்று ஒரு உத்தியோகத்தர் கேட்டார். வேண்டாம் என்றாள்.

“ஏழாம் இலக்க நிலையத்தின் இயக்குநரை மேடைக்கு அழைக்கிறோம்!”

சிவதர்சனும் இன்னொருவனும் சாக்கால் மூடிய ஒன்றைத் தூக்கிக்கொண்டு மேடையில் ஏறினார்கள். சாக்கை இழுத்தார்கள். மஞ்சள் மிதவை. பாசி பிடித்து, வயிற்றில் கறுப்பு மையில் 7 என்று எழுதி. அன்று விடியத்தான் கடலிலிருந்து தூக்கியிருந்தார்கள். இன்னும் தட்டிக்கொண்டிருந்தது.

“இந்தா சேர்,” என்றான் சிவதர்சன். “இவர்தான். ஒரு தட்டும் தவறல்ல, ஒரு தட்டும் பிந்தல்ல. குடுங்க.”

நல்லரத்தினம் மிதவையைப் பார்த்தார். நிகழ்ச்சி நிரலைப் பார்த்தார். நிரலில் ‘கேடயம் வழங்கல்’ என்று அச்சடித்திருந்தது, அடுத்தது ‘பணிப்பாளர் உரை’. புகைப்படக்காரன் கமராவைத் தூக்கினான். நல்லரத்தினம் மாலையை எடுத்து மிதவையின் கழுத்துப் போலத் தெரிந்த இடத்தில் போட்டார். கேடயத்தைப் பக்கத்தில் சாய்த்து வைத்தார். கைகொடுக்க ஒரு கையைத் தேடி, கிடைக்காமல், மிதவையின் முதுகில் தட்டினார். கைதட்டல் எழும்பியது.

பின்பு ஒலிவாங்கிக்குப் போனார்.

“இடையூறு தணிப்பில எங்கட சாதனைக்கு ஒரேயொரு ஆதாரம் சொல்றன்,” என்றார். திரையில் ஒரு வரைபு விழுந்தது. கோடு ஏறி இறங்கி வந்து, ஒரு இடத்தில் தரையில் படுத்து, பிறகு எழும்பியது. “நவம்பர் பதினாலு. காலை பத்து இருபதிலிருந்து பத்து முப்பத்தொண்டுவரை. தட்டுகளுக்கு இடையில இரைச்சல் எவ்வளவு? பூச்சியம். காற்று, மழை, கடல் கொந்தளிப்பு, அதுக்குள்ளயும் பூச்சியம். பதினொரு நிமிடம் இந்தக் கடலில பூரண அமைதி. இந்த அலுவலகம் தொடங்கின நாளிலிருந்து இவ்வளவு சுத்தமான அலையை நாங்கள் அளந்ததில்லை. இதுதான் எங்கட இலக்கு. அந்தப் பதினொரு நிமிடத்தை நாள் முழுக்கக் கொண்டுவாறதுதான்...”

பாலசுந்தரி பைக்குள் கையை விட்டாள். பொத்தானை அமுக்கினாள்.

ஒலிபெருக்கி ஊமையானது. மூன்றாம் விளக்கு அணைந்தது. நாலு, ஐந்து, ஆறு. மாலை போட்ட மிதவை மேடையில் நின்று தட்டியிருக்கும், கரைச் செட்டின் பலத்துக்கு முன்னால் அது யாருக்கும் கேட்கவில்லை. ஏழாம் விளக்கும் அணைந்தது. ஒரு நிமிடத்துக்குள் பலகை முழுக்க இருட்டு.

“இடையூறு!” என்று நல்லரத்தினம் அலறினார். “ஆரு? ஆரு இடையூறு செய்யிறது? வானை எடுங்க! தேடுதல் படகுக்கு அறிவியுங்க! பன்னிரண்டும் போயிட்டுது, பன்னிரண்டு போட்டும் போயிட்டுது!”

உத்தியோகத்தர்கள் கதிரைகளைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். ஒருவர் அழுதார். திவாகரன் கையில் ஒரு சிறிய அன்டெனாவை எடுத்து நாலு பக்கமும் சுழற்றினான். கதிரவெளிக்கு வர நாற்பத்தொரு நாள் எடுத்த அலுவலகம், மேடையிலிருந்து முன்வரிசைக்கு நேராக, ஒரு அடி பிசகாமல் வந்து சேர்ந்தது. அவன் அவளுக்கு முன்னால் நின்றான். பையைப் பார்த்தான். பிறகு திரையில் படுத்துக் கிடந்த கோட்டைப் பார்த்தான். கையிலிருந்த அன்டெனாவைக் கீழே இறக்கினான்.

“அம்மா,” என்றான். “விரலை எடுங்க அம்மா.”

“எத்தின நிமிசம் ஆகுது மனே?”

அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

“ரெண்டு.”

“இன்னும் ஒம்பது இரிக்கி,” என்றாள் பாலசுந்தரி.